ஒரு காலில் ஆடிய ஐஸ் டீம்

நம் பத்தாம் வகுப்பு மலருக்கு ஆளுக்கு நாலு பக்கம் எழுத வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது மாட்டேன் என்று சொல்லிவிடத்தான் முதலில் நினைத்தேன். வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூட எழுந்து நின்று சத்தமாகப் பதில் சொல்லாதவள் நான். பத்தாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், கார்மென்ட்ஸ் கம்பெனியில் லீவு லெட்டரும்தான். உங்களில் நன்றாக எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு வரவேண்டிய பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்வதற்கு மன்னிக்க வேண்டும். தப்பு இருந்தால் மனசுக்குள்ளேயே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதை நான் எழுதாவிட்டால் யாரும் எழுதப் போவதில்லை. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்கு ஒரு ஐஸ் ஹாக்கி டீம் இருந்தது. சிரிக்காதீர்கள். உங்களில் சிலர் வந்து பார்த்திருக்கிறீர்கள், ஞாபகம் இல்லாமல் இருக்கலாம்.

போன மாதம் எலெக்ட்ரானிக் சிட்டியில் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் அபார்ட்மென்டில் கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் பேத்திக்கு ஸ்கேட்டிங் வகுப்பு. தலைக்கு ஹெல்மெட், முட்டிக்கு ஒரு கவசம், முழங்கைக்கு ஒன்று. மாஸ்டர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: ரெண்டு கால்லயும் சமமா நில்லுங்க, ரெண்டு கால்லயும். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வலது கால் செருப்பை விட்டு வெளியே வந்து தரையைத் தேய்த்துப் பார்த்தது. நான் சொல்லி அது வரவில்லை.

என் பெரியப்பா கன்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்தார். எங்கள் வீட்டுக்கு மேல் போர்ஷன் அவருடையது. அந்தப் பள்ளியில் பிள்ளைகள் தொலைத்த சாமான்களைப் போட்டு வைக்க ஒரு மரப்பெட்டி உண்டாம். வருஷக் கடைசியில் யாரும் தேடி வராததை அவர் எடுத்துக்கொள்ளலாம். அதனால் எங்கள் இரண்டு குடும்பத்திலும் பாதி சாமான் யாரோ தொலைத்ததுதான். என் டிபன் டப்பா மூடியில் வேறு ஒரு பெண்ணின் பெயர் பொறித்திருந்தது. மழை வந்தால் நான் போட்டுக்கொண்ட நீலக் கோட்டின் உள்ளே இன்னொரு பெயர். பத்து வயது வரைக்கும் எல்லாப் பொருளுக்கும் முதலில் ஒரு பணக்காரப் பிள்ளையின் பெயர் இருக்கும், அப்புறம்தான் நமக்கு வரும் என்று நினைத்திருந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கோணிப்பை வந்தது. வாசலில் கொட்டினார். ஆறு ஸ்கேட். தகரத் தட்டு, அடியில் நாலு இரும்புச் சக்கரம், கட்டிக்கொள்ளத் தோல் வார். நீளம் கூட்டவும், பக்கத்துப் பிடியை இறுக்கவும் ஒரு சின்ன இரும்புச் சாவி. ஆறும் ஆறு தினுசு. ஒன்றோடு ஒன்று ஜோடி சேரவில்லை.

"பழைய இரும்புக்காவது ஆவும்," என்றாள் அம்மா.

"சும்னே இரும்மா. பசங்க ஆடட்டும்," என்றார் பெரியப்பா.

அவர் காலையில் ஆறு மணிக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவார். அதனால் நாங்கள் என்ன ஆடினோம், எப்படி ஆடினோம் என்று அவருக்கு ரொம்ப நாள் தெரியாது. அதுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

டீமில் ஐந்து பேர். எதிர் வீட்டு அண்ணன் கேப்டன், பதினான்கு வயது. அவனுடைய தங்கச்சி கோல் கீப்பர், சின்னப் பெண், பயமே கிடையாது. சந்து முனையில் இருந்த டெய்லர் வீட்டு இரட்டைப் பையன்கள் இருவர். வீட்டில் உருது, வெளியில் எங்களோடு தமிழ். ஐந்தாவது நான். என்னை அண்ணன் 'ஊமை' என்றுதான் கூப்பிடுவான். எனக்குக் கோபம் வந்ததில்லை. பேசாமல் இருப்பதற்கு அந்தப் பெயர் ஒரு அனுமதி மாதிரி இருந்தது.

ஆளுக்கு ஒரு ஸ்கேட். ஆறாவது, சக்கரம் போனால் மாற்றிக்கொள்ள. சாவியை அண்ணன் நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைப் பக்கத்தைப் பார்த்துத்தான் ஆட்டத்தைப் பிடித்தோம். பனித் தரையில் பூதம் மாதிரி உடுப்புப் போட்ட ஆட்கள், கையில் வளைந்த கட்டை, கீழே கறுப்பாக ஒரு வட்டு. மர டிப்போவில் கேட்டு வாங்கிய ரீப்பர் சட்டத் துண்டில் அண்ணன் குறுக்கே ஒரு பலகை அடித்து, சைக்கிள் டியூபைச் சுற்றினான். வட்டுக்குப் பழைய பூட்ஸின் ரப்பர் ஹீல். மெழுகுவத்தி தேய்த்தால் அது தரையில் என்னமாய் வழுக்கும்! ஐஸ் வண்டிக்காரர் எங்களைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா ஐஸ் டீமு, கால் சுடுதா? ஏறி என் பெட்டியில ஆடுங்களேன்," என்பார். அப்படித்தான் ஐஸ் டீம் என்று பெயர் வந்தது. எங்களில் ஒருவரும் டம்ளரில் போடுகிற அளவைவிடப் பெரிய ஐஸைப் பார்த்ததில்லை.

ஆடின இடம் நம் சமுதாயக் கூடம். சுவர் எழுப்பி, தரைக்கு வழவழவென்று சிமென்ட் பூசி, கூரை போடாமல் வேலை நின்றிருந்தது. ஜன்னலுக்கு விட்ட ஓட்டை வழியாக ஏறிக் குதிப்போம். மத்தியானம் தரை கொதிக்கும். நாலரை மணிக்கு மேற்குச் சுவரின் நிழல் பாதித் தரைக்கு வந்துவிடும், அப்போது ஆரம்பிப்போம். மழை நின்ற மறுநாள் சிமென்ட் வாசனையும் மெழுகு வாசனையும் கலந்து வரும். இன்றைக்கும் புதுக் கட்டடம் எதையாவது தாண்டிப் போனால் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.

ஒரு ஸ்கேட்டில் எப்படி ஆடுவது என்று கேட்பீர்கள். சக்கரக் காலில் நிற்க வேண்டும், மற்றக் காலால் தள்ள வேண்டும். எனக்கு இடது சக்கரக் கால், வலது தள்ளும் கால். நிற்க வேண்டுமா, தள்ளும் காலை ஊன்றினால் போதும், அடித்த ஆணி மாதிரி நின்றுவிடுவோம். திரும்ப வேண்டுமா, அதே காலை ஊன்றி, காம்பஸ் சுற்றுவது போல உடம்பைச் சுற்றிவிடலாம். கர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் டப். எங்கள் சந்தில் அடுப்படியில் இருக்கிற அம்மாக்களுக்குக்கூட அந்தக் 'கர்ர் டப்'பை வைத்தே பிள்ளைகள் கூடத்தில் இருக்கிறார்கள் என்று தெரியும்.

ஒரே ஒரு தொல்லை செருப்பு. தள்ளும் காலின் செருப்பு பத்து நாளில் ஓட்டையாகிவிடும். மற்றது புதுசாகவே இருக்கும். எங்கள் வீட்டில் கட்டிலுக்குக் கீழே தேயாத இடது செருப்பு நாலு கிடந்தது.

"ஒரு காலால மட்டும் நடக்கறியாடி நீ? ஊர்ல எந்தப் பொண்ணாவது இப்படித் தேய்க்குதா?" என்று அம்மா கத்துவாள். என் நடை கோணல் என்றே முடிவு செய்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற அளவுக்கு வந்துவிட்டாள். நான் வாயைத் திறந்தால்தானே.

அந்தக் கோடை முடியும் சமயம் ஒரு நாள் கூடத்துக்குள் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். கையில் அளக்கிற டேப். எங்களைப் பார்த்ததும், "ஹோகி ஹோகி, இல்லி ஆடபேடி," இங்கே ஆடாதீர்கள் என்று விரட்டினார். அண்ணன் கன்னடத்திலேயே பேசிப் பார்த்தான். இன்னும் மூன்று வாரத்தில் கூரை, அப்புறம் மொசைக், அப்புறம் கல்யாணத்துக்கு வாடகை. கதவும் பூட்டும் வந்துவிடும்.

எங்கள் சந்தில் வேறு எங்கேயும் இரும்புச் சக்கரம் உருளாது. தார் ரோடு, ஜல்லி, சாக்கடைப் பலகை. சின்னவள் அன்றைக்குக் கோல் முன்னால் உட்கார்ந்து அழுதாள். இரட்டையரில் ஒருவன், "நக்கோ ரோ, அழாத," என்று சொல்லிவிட்டுத் தானும் அழுதான்.

எப்போதும் பேசாத நான் அன்றைக்குப் பேசினேன். பெரியப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது, "ஆட இடம் இல்ல பெரியப்பா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தானாக வந்து ஒன்று சொன்னதே அவருக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்கும்.

அவர் பள்ளியில் ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டருக்கு வெளியே ஒரு கிளப் இருந்தது, நல்ல தரை போட்ட ரிங்க்கும் இருந்தது. பெரியப்பா அவரிடம் போய் எங்கள் தெருப் பிள்ளைகள் பெரிய ஆட்டக்காரர்கள் என்று அளந்துவிட்டிருக்கிறார். மாஸ்டர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டி வாருங்கள், என் ஜூனியர் பிள்ளைகளோடு ஆடட்டும், ஆடத் தெரிந்தவர்கள் என்றால் வாரா வாரம் தரையைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

வியாழக்கிழமை பெரியப்பா சீக்கிரம் வந்துவிட்டார். எங்களை ஆச்சரியப்படுத்தலாம் என்று கூடத்துக்கே வந்து ஜன்னல் ஓட்டையில் நின்று பார்த்திருக்கிறார். நான்தான் முதலில் பார்த்தேன். அவர் முகம் சந்தோஷமாக இல்லை. கண் கலங்கியிருந்தது.

"ஒத்தக் கால்லயா ஆடறீங்க இத்தினி நாளா?" என்றார்.

அண்ணன் பெருமையாக, "ஆமா மாமா, பாருங்க," என்று ஒரு காம்பஸ் சுற்றிக் காட்டினான். பெரியப்பா அதைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தது இல்லாத இன்னொரு ஸ்கேட்டை. ஐந்து பிள்ளைகள் நொண்டுவதைத்தான் அவர் பார்த்தார். இப்போது எனக்கு அது புரிகிறது. அவர் வயசு எனக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு தோளிலும் இரண்டு பை மாட்டிக்கொண்டு வந்தார். பள்ளியில் கெஞ்சி, கையெழுத்துப் போட்டு, ஒரு நாளுக்கு வாங்கி வந்த ஸ்கேட்டுகள். ஐந்து ஜோடி. பளபளவென்று, எண்ணெய் போட்டது. எங்கள் சாவி அதற்குப் பொருந்தவில்லை. அதற்கென்று தனிச் சாவி, அதைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு யாரும் உங்களைக் கேவலமா பாக்கக் கூடாது. ராஜா மாதிரி போறீங்க."

சாவி இல்லாமல் வாரை மட்டும் இறுக்கிக் கட்டி, கூடத்தில் ஆடிப் பார்த்தோம். தள்ளுவதற்குக் கால் இல்லை. நிற்பதற்கும் கால் இல்லை. ஊன்றுகிற காலும் ஓடிப்போகிறது. அண்ணன் மூன்று தரம் மல்லாந்து விழுந்தான். பிறகு என்னைத் தனியாக இழுத்தான்.

"ஏய் ஊமை, உன் பெரியப்பாதானே. நீ போய்ச் சொல்லு. நமக்கு ஒண்ணே போதும்னு."

"நீ சொல்லு."

"நான் சொன்னா திமிருன்னு நினைப்பாரு. நீ சொன்னா கேப்பாரு."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். மேலே போனேன். பெரியப்பா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், நாளைக்குப் போட்டுக்கொள்ள. "இன்னா பாப்பா?" என்றார். "ஒண்ணும் இல்ல," என்று இறங்கி வந்துவிட்டேன். அண்ணனிடம், சொல்லிவிட்டேன், பரவாயில்லை ரெண்டும் போடுங்கள் என்றார் என்று பொய் சொன்னேன். இதை இன்றைக்கு வரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. எதிர் வீட்டு அண்ணா, இதைப் படித்தால் மன்னித்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரிங்க்குக்குப் போனோம். சுற்றிலும் கம்பி, சாயம் அடித்த தரை, பெஞ்சில் பெற்றோர்கள். எங்கள் செருப்பையெல்லாம் கேட் பக்கத்தில் விடச் சொல்லிவிட்டார்கள். பெரியப்பா ஒவ்வொருவர் முன்னாலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துணி மடித்து வைத்து, பத்து ஸ்கேட்டையும் தன் கையாலேயே கட்டி இறுக்கினார்.

முதல் பாதியைப் பற்றி என்ன எழுத. அண்ணன் கம்பியை விடவில்லை. இரட்டையர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இருவருமாக விழுந்தார்கள். சின்னவள் கோல் முன்னால் உட்கார்ந்தவள் எழவே இல்லை. உட்கார்ந்தபடியே இரண்டைத் தடுத்தாள். அவர்கள் ஆடியது ரப்பர் ஹீலில் இல்லை, பந்தில். அதைக்கூடச் சமாளித்திருப்போம். அந்தப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், விழுந்தால் கை கொடுத்துத் தூக்கினார்கள். அதுதான் ரொம்ப வலித்தது. இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் ஒவ்வொரு கோல் போட்ட பிறகும் என்னைப் பார்த்து "ஸாரி" என்றாள். ஐந்து தரம் சொன்னாள்.

நாங்கள் எழுந்து நின்ற ஒவ்வொரு தடவையும் பெரியப்பா கை தட்டினார். அவர் மட்டும்தான் தட்டினார்.

இடைவேளை. அண்ணன் முழங்கையில் சிராய்ந்த இடத்தை ஊதிக்கொண்டிருந்தான். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பத்து நிமிஷம் இப்படியே போனால் தரை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அது என்னால் என்றும் தெரிந்தது.

நான் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பெரியப்பா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போனேன். பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்ட ஒரு அம்மாவும் இரண்டு மூன்று பேரும் இருந்தார்கள்.

"பெரியப்பா, சாவி குடுங்க."

"ஏன், லூசா இருக்குதா?"

"ஒண்ணைக் கழட்டணும்."

அவர் சுற்றிலும் பார்த்தார். குரலை இறக்கி, "இத்தினி பேரு பாக்கறாங்க பாப்பா," என்றார்.

"எங்களுக்கு ஒண்ணுதான் ஆடத் தெரியும் பெரியப்பா. நேத்தே சொல்ல வந்தேன்."

என் வாழ்க்கையில் அது வரைக்கும் அவ்வளவு நீளமாக நான் யாரிடமும், அதுவும் வெளியாட்கள் முன்னால், பேசினதில்லை. பெரியப்பா சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றினார். சாவியை எடுத்தார், ஆனால் என் கையில் கொடுக்கவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ரிங்க்குக்குள் வந்து தரையில் முட்டி போட்டார்.

"எந்தக் காலு?"

"வலது."

கழற்றினார். அடுத்து அண்ணன்.

"உனக்கும் வலதுதானே?"

"இல்ல மாமா, எனக்கு இடது."

பெரியப்பா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொருவரையும் கேட்டே கழற்றினார். சின்னவள் வலது. இரட்டையரில் பெரியவன் வலது என்றான். சின்னவன், "நான் அவனுக்கு எதிரு மாமா," என்றான். கழற்றின ஐந்தையும் பெரியப்பா கம்பி ஓரமாக வரிசையாக வைத்தார்.

கூலிங் கிளாஸ் அம்மா மாஸ்டரிடம், "இதுக்கு ரூல் இருக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டு போட்டுத்தான் ஆகணும்னு நான் எங்கயும் படிச்சதில்ல மேடம்," என்று மாஸ்டர் விசில் ஊதினார்.

கர்ர், டப். அந்தச் சத்தம் கேட்டதுமே எனக்குப் பயம் போய்விட்டது. அண்ணனைத் துரத்தி வந்த பையன், அண்ணன் டக்கென்று ஊன்றி நின்றதும், நிற்க முடியாமல் கம்பி வரைக்கும் போய் முட்டினான். அண்ணன் சுற்றித் திரும்பி முதல் கோலைப் போட்டான். இரட்டையர் ஒன்று. மூன்றாவது என்னுடையது, அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அவர்கள் இன்னும் ஒன்று போட்டார்கள். சடைக்காரப் பெண் இந்தத் தடவை ஸாரி சொல்லவில்லை. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆறுக்கு மூன்று. தோற்றோம். மாஸ்டர் அண்ணனைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழம காலைல ஆறு மணிக்கு வாங்க. எட்டு மணிக்கு எங்க பசங்க வந்துடுவாங்க, அதுக்குள்ள முடிச்சுக்கணும்," என்றார். அப்புறம், "அந்தத் திருப்பத்த இன்னொரு தரம் செஞ்சு காட்டுப்பா," என்று கேட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது அவர்கள் நால்வரும் பின் சீட்டில் ஒரே கூச்சல். பெரியப்பா மடியில் இரண்டு பையையும் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டையின் கீழ் ஓரத்தில் ஒரு கறை. பணக்காரர்கள் முன்னால் நான் அவரை அவமானப்படுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செருப்பு இல்லாமல் தள்ளினதில் என் வலது கால் விரல்களில் தோல் உரிந்திருந்தது. அதை மறைத்துத்தான் வைத்திருந்தேன்.

"எரியுதா?" என்றார்.

"இல்ல பெரியப்பா."

அவர் குனிந்து என் வலது காலைப் பார்த்தார்.

அதன் பிறகு இரண்டு வருஷம் அந்த ரிங்க்கில் ஆடினோம். மெல்ல மெல்ல இரண்டு ஸ்கேட்டிலும் பழகிக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், இரண்டு காலில் நாங்கள் சுமாரான ஆட்டக்காரர்கள்தான். அண்ணன் பீன்யாவில் லேத் வேலைக்குப் போனான். டெய்லர் குடும்பம் வீடு மாறியது. டீமின் சரித்திரம் அவ்வளவே. சாவி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கூடத்துக்குக் கூரை வந்தது, மொசைக்கும் வந்தது. என் கல்யாணமே அங்கேதான் நடந்தது. உங்களில் பலர் வந்து சாப்பிட்டீர்கள். மணவறையைச் சுற்றும்போது என் வலது கால் கொஞ்சம் தேய்த்து நடந்ததாக அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை. பெரியப்பா காலையில் ஐந்து ஜோடியையும் பள்ளிக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். இருட்டின பிறகு வந்து, தொலைந்த சாமான் பெட்டியிலிருந்து எடுத்து வந்த கான்வாஸ் ஷூக்களை வாசலில் கொட்டினார். ஐந்தும் ஒற்றைகள். வலது மூன்று, இடது இரண்டு. என்னுடையது கொஞ்சம் பெரிதாக இருந்தது. முன்னால் பேப்பர் திணித்துப் போட்டுக்கொண்டேன்.